லூதியானா குளிரும் ஒரு கறுப்பு ஜாக்கெட்டும்

வடக்கே மாற்றல் ஆகி வர்ற நம்ம மக்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ரெண்டு. ஒண்ணு, "அங்க இட்லி அரிசி கிடைக்குமா?" ரெண்டாவது, "குளிருக்கு என்ன மாதிரி ஜாக்கெட் வாங்கணும்?" முதல் கேள்விக்குப் பதில் சுலபம். கிடைக்கும், விலையைத்தான் கேட்கக்கூடாது. ரெண்டாவதுக்கு, அதுவும் நீங்க சைக்கிள் ஓட்டற ஆளா இருந்தா, பதில் அவ்வளவு சுலபமில்லை. அதைக் கத்துக்க எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் ஆச்சு. நடுவுல ஒரு பையனுக்குக் காறை எலும்பு முறிஞ்சுது. அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போறேன், பொறுத்துக்கோங்க.

2023 மே மாசம் பதவி உயர்வோட லூதியானா போஸ்டிங். ஆர்டர் வந்ததும் தங்கமணி மேப்பைப் பார்த்துட்டு, "ஏங்க, இதுக்கு அப்புறம் பார்டர்தானே?"ன்னு கேட்டாங்க. கும்பகோணத்துல பிறந்து, சென்னையைத் தாண்டி வடக்கே வேலை பார்க்காத எனக்கும் வயித்துல புளியைக் கரைச்சுது. வந்து பார்த்தா ஊர் பிடிச்சுப் போச்சு. நம்ம திருப்பூருக்கு வடக்கே ஒரு அண்ணன் உண்டுன்னா அது இதுதான். அங்க பருத்தி, இங்க கம்பளி. ஸ்வெட்டர், சால்வை, ஜாக்கெட்னு தெருத்தெருவா பின்னல் மெஷின் ஓடுது. ஊட்டியில திபெத்தியர்கள் கடை போட்டு விக்கிற ஸ்வெட்டர்ல பலதும் இங்கேருந்து மொத்த விலைக்கு வாங்கிட்டுப் போறதுதான்.

சைக்கிளுக்கும் இதுதான் தலைநகரம். முஞ்ஜால் சகோதரர்கள் 1956ல இங்க ஆரம்பிச்ச ஹீரோ சைக்கிள் கம்பெனி, 1986ல உலகத்துலேயே அதிகமா சைக்கிள் தயாரிக்கிற கம்பெனின்னு கின்னஸ் புத்தகத்துல ஏறிச்சு. ஆக, ஜாக்கெட்டும் சைக்கிளும் ரெண்டுமே தயாராகிற ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு தப்பான ஜாக்கெட் வாங்கின மகானுபாவன் நான் :-)

சைக்கிள் ஏன்னு சொல்லணும். அந்த ஆகஸ்ட்ல எடுத்த ரத்தப் பரிசோதனையில மூணு மாச சர்க்கரை சராசரி 7.2ன்னு வந்துது. எங்கப்பாவுக்கும் நாப்பத்தஞ்சு வயசுலதான் சர்க்கரை ஆரம்பிச்சுது. "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது"ன்னு காபிக்கு ரெண்டு ஸ்பூன் போட்டுக் குடிச்ச மனுஷன். அறுபதுல கால் விரல் ஒண்ணை எடுத்தாங்க. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு இன்னும் ஞாபகத்துல இருக்கு. அதனால டாக்டர், "மாத்திரையோட தினமும் அரைமணி நேரம் உடம்பை வருத்துங்க"ன்னு சொன்னதும் அந்த ஞாயித்துக்கிழமையே கில் ரோடு போய் ஒரு சைக்கிள் வாங்கிட்டேன். வீடு சண்டிகர் ரோடுல. கிளை ஃபோக்கல் பாயிண்ட் தொழிற்பேட்டை பக்கம். போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு. அக்டோபர் முடியற வரைக்கும் ராஜா மாதிரி போயிட்டு வந்தேன்.

நவம்பர் கடைசியில குளிர் வந்துது. நம்ம ஊர் மார்கழிப் பனி மாதிரி கோலம் போடற நேரத்துக்கு வந்துட்டு எட்டு மணிக்குக் கிளம்பிப் போற விருந்தாளி இல்லை இது. டிசம்பர் பாதியிலேருந்து ஜனவரி முழுக்கக் குடியே வந்துடும். காலையில 5, 6 டிகிரி. மூடுபனி விலகலைன்னா மதியம்கூட 12 டிகிரியைத் தாண்டாத நாள் உண்டு.

அம்மா போன்ல தினமும், "டேய், காதுல பஞ்சு வச்சுக்கோடா, மப்ளர் கட்டிக்கோடா"ன்னு ஒரே பாட்டு. தங்கமணி என்னை சௌடா பஜாருக்கு இழுத்துட்டுப் போய், இருக்கிறதுலேயே தடியான ஜாக்கெட்டா பார்த்து வாங்கிக் கொடுத்தாங்க. கறுப்பு நிறம், உள்ளே பஞ்சு மாதிரி அடைச்சது, முழங்கால் வரைக்கும் நீளம், விலை 3,200 ரூபாய். "அழுக்கு தெரியாது, ஆபீசுக்கும் எடுப்பா இருக்கும்" - இது கறுப்புக்கு அவங்க சொன்ன காரணம். எனக்கும் சரின்னுதான் பட்டுது. போட்டுக் காட்டினதும் பொண்ணு, "அப்பா, மெத்தைக்குக் கை கால் முளைச்ச மாதிரி இருக்கீங்க"ன்னா.

மறுநாள் காலையில பருத்தி பனியன், அதுக்கு மேல சட்டை, ஸ்வெட்டர், அதுக்கும் மேல இந்த மெத்தைன்னு கிளம்பினேன். வாசல்ல நிக்கிறப்ப சொர்க்கமா இருந்துது. ரெண்டாவது கிலோமீட்டர்ல முதுகுல வேர்வை வழிய ஆரம்பிச்சுது. மூணாவதுல தாங்காம ஜிப்பைத் திறந்துவிட்டேன். குளிர்காத்து ஈர பனியன்ல நேரா அடிச்சுது. ஜிப்பைப் போட்டா வேகுது, எடுத்தா விறைக்குது. கிளைக்குப் போய்ச் சேர்ந்தப்ப பனியனைப் பிழிஞ்சா அரை டம்ளர் தண்ணி வரும். அப்படியே சீட்டுல உட்கார்ந்தேன். பதினோரு மணிக்குப் பல்லு தந்தியடிச்சுது. இதே மாதிரி ஒரு வாரம். அப்புறம் நாலு நாள் காய்ச்சல், பத்து நாள் இருமல்.

தங்கமணி சைக்கிள் சாவியை எடுத்து அரிசி டப்பாவுல போட்டுட்டாங்க. "இனிமே கார்ல போங்க. சைக்கிளெல்லாம் மார்ச்ல பார்த்துக்கலாம்." மார்ச்னா மூணு மாசம். மூணு மாசம் விட்ட சைக்கிளை நாலாவது மாசம் யாராவது தொடுவாங்களா? எனக்கு அந்த வராந்தா பெஞ்சுதான் கண்ணு முன்னாடி வந்துது.

அப்பத்தான் எங்க கிளை காவலர் உதவிக்கு வந்தார். பட்டாளத்துல இருந்து ஓய்வு பெற்ற சர்தார்ஜி. லே பக்கமெல்லாம் வேலை பார்த்தவர். ஐம்பத்தஞ்சு வயசு, அவரும் தினமும் சைக்கிள்லதான் வருவார். இருமிக்கிட்டே கதையைச் சொன்னேன். சிரிச்சுட்டு, "சாப், குளிர் வெளியிலேருந்து வரலை. உங்க வேர்வையிலேருந்து வருது"ன்னார். சட்டைப் பட்டனைத் திறந்து காட்டினார். உள்ளே நெஞ்சை மூடி நேத்தைய பஞ்சாபி பேப்பர், நாலா மடிச்சது! அதுக்குக் கீழே மெல்லிசா ஒரு கம்பளி பனியன், மேலே சாதாரண ஜெர்சி. அவ்வளவுதான் அவரோட மொத்தக் குளிர்காலமும். கிளைக்கு வந்ததும் பேப்பரை உருவிப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவார்.

இதை நான் வேடிக்கையா நினைச்சேன். அப்புறம் தேடிப் படிச்சா, டூர் டி பிரான்ஸ் பந்தயக்காரங்களே மலை உச்சியில ஏறி முடிச்சதும், இறங்கறதுக்கு முன்னாடி நெஞ்சுல பேப்பரைச் செருகிக்குவாங்களாம். ஏறும்போது வேர்த்த உடம்பு, இறங்கும்போது காத்துல விறைக்காம இருக்க அதுதான் கவசம். காலங்காலமா செய்யற வேலை.

கணக்கு இதுதான். தெர்மாமீட்டர் 5 டிகிரி காட்டற காலையில மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துல சைக்கிள் ஓட்டினா, காத்தே அடிக்காட்டியும் முகத்துக்கு அது கிட்டத்தட்ட 2 டிகிரி மாதிரி இருக்கும். எதிர்காத்து சேர்ந்தா இன்னும் கீழே போகும். அதே நேரம் மிதிக்கிற உடம்பு உள்ளே அடுப்பு மாதிரி சூடு கிளப்புது. ஆக, உடம்புக்குத் தேவை தடிமன் இல்லை. முன்பக்கம் காத்தைத் தடுக்கணும், உள்ளே வர்ற வேர்வை ஆவியா வெளியே போகணும். தண்ணி, காத்தைவிட சுமார் 25 மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும். வேர்வையில நனைஞ்ச பருத்தி பனியனைப் போட்டுக்கிட்டு மேலே எத்தனை மெத்தை போர்த்தினாலும் பிரயோஜனம் இல்லை. குற்றவாளி ஜாக்கெட் மட்டும் இல்லை, பிறந்ததுலேருந்து நான் கழட்டாத என் பனியனும்தான் :-(

மிச்சத்தை ஒரு கோடவுன்ல கத்துக்கிட்டேன். இங்க பின்னலாடை முதலாளிகளுக்குக் கோடையிலதான் தயாரிப்பு மும்முரம். செப்டம்பர், அக்டோபர்ல கோடவுன் நிரம்பி வழியும். நவம்பர்லேருந்து ஜனவரிக்குள்ள வித்தாகணும். குளிர் தள்ளிப் போனா சரக்கு தங்கும். சரக்கு தங்கினா நம்ம சிசி அக்கவுண்டு அசையாது. "சாமி, இந்த வருஷம் குளிர் நல்லா கொட்டணும்"னு வேண்டிக்கிற ஊரை நீங்க வேற எங்கேயும் பார்த்திருக்க மாட்டீங்க. டிசம்பர் கடைசியில அப்படி ஒரு கோடவுனுக்கு ஸ்டாக் இன்ஸ்பெக்‌ஷன் போயிருந்தேன். வேலை முடிஞ்சதும் முதலாளிகிட்ட, "சைக்கிளுக்கு எந்த ஜாக்கெட் நல்லது?"ன்னு கேட்டேன்.

மனுஷன் ஒரு ஜாக்கெட் துணியை எடுத்து என் வாய்கிட்ட வச்சு, "ஊதுங்க"ன்னார். ஊதினேன். மறுபக்கம் கையில மூச்சு பட்டுது. "இது வீட்டுக்கு." இன்னொண்ணை எடுத்தார். ஊதினேன், ஒண்ணும் வரலை. "இது வண்டிக்கு. ஆனா முதுகுலயும் இதே துணி இருந்தா வெந்துடுவீங்க. முன்னாடியும் கையிலயும் காத்து புகாத துணி, முதுகுலயும் அக்குள்லயும் மூச்சு விடற துணி. அப்படித் தேடுங்க." இருபது வருஷ சர்வீஸ்ல இதுக்கு முன்னாடி எந்த ஸ்டாக் இன்ஸ்பெக்‌ஷனும் எனக்கு இவ்வளவு உபயோகப்பட்டதில்லை.

அந்த வாரமே அப்படி ஒண்ணு வாங்கினேன், 2,600 ரூபாய். மெல்லிசு. கையில எடுத்தா "இதுவா குளிரைத் தாங்கும்?"னு தோணும். தங்கமணி அதைத்தான் கேட்டாங்க. உள்ளே கம்பளி பனியன், நடுவுல ஒரு முழுக்கை சட்டை, மேலே இது. முதல் அரை கிலோமீட்டர் லேசா நடுங்கும். அப்புறம் கிளை வரைக்கும் இதம். முதுகு காய்ஞ்சே இருந்துது. அரிசி டப்பாவுலேருந்து சாவி வெளியே வந்துது. புது ஜாக்கெட்டும் கருநீலம்தான். ஆபீசுக்கு எடுப்பா இருக்கணுமே!

பழைய கறுப்பு மெத்தை வீட்டுல சும்மாதானே கிடக்குதுன்னு, எங்க கிளைக்குப் பக்கத்து டீக்கடைப் பையனுக்குக் கொடுத்தேன். பீகார்லேருந்து வந்தவன், இருபது வயசு இருக்கும். மாமா வச்சிருக்கிற கடை. காலையில அஞ்சரைக்கே பால் கேனைக் கட்டிக்கிட்டு சைக்கிள்ல வந்து அடுப்பைப் பத்த வைப்பான். ஒரு பழைய ஆரஞ்சு ஸ்வெட்டர்தான் போட்டிருப்பான். கடையில நின்னுக்கிட்டே வேலை பார்க்கிறவனுக்கு இது நல்லா இருக்குமேன்னு நினைச்சேன். அவன் அதைப் போட்டுக்கிட்டு நின்ன அழகைப் பார்க்கணும். அன்னைக்கு என்கிட்ட டீக்குக் காசு வாங்கலை. நல்ல காரியம் பண்ணிட்ட திருப்தியில எனக்கு ராத்திரி நல்லாத் தூக்கம் வந்துது.

2024 ஜனவரியில இங்க இருந்தவங்களுக்குத் தெரியும், பஞ்சாப் முழுக்க நாள்கணக்கா வெயிலே இல்லாம மூடுபனி போட்ட மாசம் அது. பார்வை 200 மீட்டருக்குள்ள சுருங்கினா அடர்ந்த மூடுபனி, 50 மீட்டருக்குள்ள போனா மிக அடர்ந்த மூடுபனின்னு வானிலைத் துறை கணக்கு. லோரி பண்டிகை முடிஞ்ச அந்த வாரத்துல ஒருநாள் காலையில கிளைக்கு வந்தா டீக்கடை மூடியிருந்துது. அடுப்பு ஜில்லுன்னு கிடக்குது. சர்தார்ஜிதான் சொன்னார். பின்னாடி வந்த ஒரு வேன் பையனை இடிச்சுடுச்சு. பால் கேன் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். வேன் டிரைவரே தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார்.

மதியம் போய்ப் பார்த்தேன். இடது காறை எலும்பு முறிவு, முட்டியெல்லாம் சிராய்ப்பு. தலை தப்பிச்சுது. அந்த டிரைவர் இன்னும் அங்கேயே நின்னுக்கிட்டிருந்தார். என்னைப் பெரிய ஆபீசர்னு நினைச்சாரோ என்னவோ, கையெடுத்துக் கும்பிட்டு, "சாப், தெரியவே இல்லை. கறுப்பா ஏதோ நிழல்னு நினைச்சேன்"னார். எனக்கு அவரைத் திட்ட வாய் வரலை. கட்டில் கம்பியில அந்தக் கறுப்பு ஜாக்கெட் தொங்கிக்கிட்டிருந்துது, தோள்பட்டை கிழிஞ்சு பஞ்சு வெளியே வந்து. எத்தனையோ காலையில அந்த ஆரஞ்சு ஸ்வெட்டர்ல பத்திரமா வந்துக்கிட்டிருந்த பையனுக்குக் கறுப்பை மாட்டிவிட்டது நான்.

பையன் என்னைப் பார்த்ததும், "சாப், ஜாக்கெட் கிழிஞ்சுடுச்சு, மன்னிச்சுக்கோங்க"ன்னான். அதுக்கு மேல அங்க நிக்க முடியலை. பில்லைக் கட்டிட்டு வந்துட்டேன்.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து யோசிச்சேன். காத்து புகுதா, வேர்வை போகுதா, முதுகு காயுதான்னு ஒரு மாசமா ஆராய்ச்சி பண்ணினேன். எல்லாமே எனக்கு இதமா இருக்கான்னுதான். பின்னாடி வர்றவன் கண்ணுக்கு நான் தெரியறேனான்னு ஒரு தடவைகூட யோசிக்கலை. 40 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி 50 மீட்டரைக் கடக்க நாலரை வினாடிதான் ஆகும். அதுக்குள்ள அவன் பார்த்து, மூளைக்கு எட்டி, பிரேக் பிடிக்கணும். வண்டி ஓட்டற யாரா இருந்தாலும் அந்த நாலரை வினாடியை அவனுக்கு முழுசாக் கொடுக்க வேண்டியது சைக்கிள்காரனோட வேலையும்தான்.

ரெண்டு குளிர்காலம் ஓட்டி முடிச்ச அனுபவத்துல, வாங்கப் போறவங்களுக்கு என் சிபாரிசு இது:

1. முதல்ல நிறம். பளிச்சுனு மஞ்சளோ ஆரஞ்சோ. கறுப்பு, கருநீலம், சாம்பல் வேண்டாம். வெள்ளையும் மூடுபனியில கரைஞ்சு போகும். முதுகுலயும் கையிலயும் ஒளியைத் திருப்பி அடிக்கிற பட்டை இருக்கணும். வச்சிருக்கிறது கறுப்புதான்னா, ரோடு வேலை செய்யறவங்க போடற மஞ்சள் கோட்டு 150 ரூபாய்க்குக் கிடைக்குது, மேலே மாட்டிக்கோங்க.

2. எந்தப் பட்டையும் வெளிச்சம் பட்டாத்தான் மின்னும். அடர்ந்த பனியில அதுவும் போதாது. சைக்கிள் பின்னாடி ஒரு சிவப்பு விளக்கு கட்டாயம்.

3. ஊதிப் பாருங்க. முன்பக்கம் மூச்சு போகக்கூடாது, முதுகுப் பக்கம் போகணும்.

4. கடையில நேரா நின்னு பார்க்காதீங்க. ஹேண்டில்பாரைப் பிடிக்கிற மாதிரி கையை நீட்டிக் குனியுங்க. மணிக்கட்டும் இடுப்பும் வெளியே தெரிஞ்சா அது உங்களுக்கு இல்லை. பின்பக்கம் கொஞ்சம் நீளமா இருக்கணும். முழங்கால் வரைக்கும் வர்றது சைக்கிளுக்கு ஆகாது.

5. உள்ளே பருத்தி வேண்டாம். கம்பளி தன் எடையில மூணுல ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கிட்டும் சில்லுன்னு இருக்காது. பாலியெஸ்டர் விளையாட்டு பனியனும் சீக்கிரம் காயும். திருப்பூர்க்காரங்களே இப்ப அதைப் போடறாங்க, கோவிச்சுக்க மாட்டாங்க :-)

6. கிளம்பும்போது லேசா குளிரணும். வாசல்லயே இதமா இருந்தா நடுவழியில வேர்க்கும். மாத்துத் துணி ஒண்ணு பையில இருக்கட்டும்.

7. கையுறையை மறக்காதீங்க, விரல் விறைச்சா பிரேக் பிடிக்க முடியாது. சர்க்கரை இருக்கிறவங்களுக்கு இன்னும் முக்கியம், விரல்ல உணர்ச்சி ஏற்கெனவே கம்மியா இருக்கலாம். மங்கி குல்லா வேணாம். பின்னாடி வர்ற ஹாரன் கேட்கணும்.

இதெல்லாம் இருந்தும், கண்ணு முன்னாடி கையை நீட்டினா விரல் தெரியாத காலை வரும். புகையும் பனியும் கலந்து தொண்டை எரியற நாளும் வரும். அன்னைக்கு எந்த ஜாக்கெட்டும் உதவாது. சைக்கிளை வீட்டுல விட்டுட்டு, சாயந்திரம் மாடிப்படி ஏறி இறங்குங்க. நான் அப்படித்தான் செய்யறேன்.

பையன் ரெண்டு மாசத்துல கையில கட்டு பிரிச்சுக் கடைக்கு வந்துட்டான். ஃபோக்கல் பாயிண்ட் டெய்லர் ஒருத்தர்கிட்ட அந்தக் கறுப்பு ஜாக்கெட்டைக் கொடுத்துக் கிழிசலைத் தைச்சு, முதுகுலயும் ரெண்டு கையிலயும் மின்னற பட்டை வச்சுக் கொடுத்தேன். தூக்கிப் போட்டுடுவான்னு நினைச்சேன். "நல்ல ஜாக்கெட் சாப், சூடா இருக்கு"ன்னு இன்னமும் அதைத்தான் போடறான். மேலே மஞ்சள் கோட்டு. சைக்கிள் பின்னாடி சிவப்பு விளக்கு, அது மட்டும் நான் வாங்கிக் கொடுத்தது. என் கருநீலத்துக்கு மேலயும் இப்ப மஞ்சள் கோட்டு உண்டு. ஆபீசுக்கு எடுப்பா இல்லைதான்.

என்னோட சர்க்கரை இப்ப 6.5. தங்கமணி சாவியை ஒளிச்சு வைக்கிறதில்லை, கிளம்பும்போது "மஞ்சள் போட்டாச்சா?"ன்னு மட்டும் கேட்பாங்க. அம்மா இன்னும் பஞ்சைத்தான் கேட்கிறாங்க.

போன குளிர்காலத்துல ஒருநாள் சீக்கிரமே கிளைக்குக் கிளம்பினேன். நல்ல பனி. ஜமால்பூர் தாண்டினதும் முன்னாடி தூரத்துல ஒரு சிவப்புப் புள்ளி, விட்டு விட்டு எரியுது. கிட்டப் போகப் போக மஞ்சளும், பால் கேனும் தெரிஞ்சுது. எனக்குப் பின்னாடி வந்த லாரியும் அதைப் பார்த்திருக்கணும். வேகத்தைக் குறைச்சு, எங்க ரெண்டு பேருக்கும் நல்லா இடம் விட்டு விலகிப் போச்சு. நான் பெல்லை ரெண்டு தடவை அடிச்சேன். அவனும் திரும்பிப் பார்க்காமலே ரெண்டு தடவை அடிச்சான்.

டிஸ்கி: பேப்பர் விஷயம் சும்மா சொல்லலை. இன்னைக்கும் காத்து ஜாஸ்தியா இருக்கிற நாள்ல, அந்த 2,600 ரூபாய் ஜாக்கெட்டுக்கு உள்ளே நேத்தைய பேப்பர் ஒண்ணு இருக்கும். சர்தார்ஜிகிட்ட சொல்லிடாதீங்க, ரொம்ப சந்தோஷப்படுவார் :-)